ஐடிஇ காட்டிய எட்டு: கம்பைலரின் மாட்யூல் அமைப்புகள் எங்கே குடியிருக்கின்றன

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் சிறு மென்பொருள் குழு, தீவிலுள்ள ஒரு கோயிலுக்கு அர்ச்சனைச் சீட்டு அச்சிடும் நிரலைப் பராமரித்து வருகிறது. நிரல் மூன்று மாட்யூல்களாகப் பிரிந்திருக்கிறது: பூசைகளின் பெயர், கட்டணம், நட்சத்திரம் முதலியவற்றைக் கையாளும் பொது மாட்யூல், முகப்பில் சீட்டு அச்சிடும் மாட்யூல், நிர்வாகத்தினர் மாதக் கணக்கைப் பார்க்கும் இணைய மாட்யூல். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் புதிதாக அனுப்பிவைத்த நிரல் முகப்புக் கணினியில் திறக்கவே மறுத்தது. அலுவலகத்தில் அதே நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. “அண்ணே, ஐடிஇயில எட்டுன்னுதான் வெச்சிருக்கேன், நீங்களே பாருங்க” என்று குழுவின் இளைஞர், நிரல் எழுதவும் தொகுக்கவும் நாங்கள் பயன்படுத்தும் செயலியான ஐடிஇயில் காட்டிய திரையில், ஜாவா மொழியின் பதிப்பு உண்மையிலேயே எட்டு என்றுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, திரையும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டைக் கோயிலுக்குப் போன நிரலைத் தொகுத்த கருவி ஒருபோதும் பார்த்ததே இல்லை.

பிழைச் செய்தி நீளமானது என்றாலும் அதில் பயனுள்ளவை இரண்டு எண்கள் மட்டுமே: வகுப்புக் கோப்பின் பதிப்பு 61.0, அந்தக் கணினியில் நிரலை ஓட்டும் இயக்கச் சூழல் ஏற்கக்கூடிய உச்சப் பதிப்பு 52.0. மூல நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்குத் தொகுத்துத் தரும் கருவியான ஜாவா கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு வகுப்புக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளும் மாறாத ஒரு முத்திரையாகும். பதினாறடிமான முறையில் எழுதினால் அது ‘கஃபே பேப்’ என்று வாசிக்கக் கிடைக்கும். ஜாவாவை உருவாக்கியவர்களுக்குக் கோப்பிக்கடை நினைப்பு எந்நேரமும் இருந்திருக்கிறது போலும். அடுத்த நான்கு பைட்டுகளில் பதிப்பெண் இருக்கிறது. அதன் முதன்மை எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைத்துவிடும்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. இயக்கச் சூழல் தன்னைவிடப் பழைய எண்ணை ஏற்கும், புதிய எண்ணை ஏற்காது. 2014 மார்ச் மாதத்தில் வெளியான ஜாவா 8தான் அந்த முகப்புக் கணினியில் இன்றும் இருக்கிறது. சீட்டு அச்சுப்பொறி அதனோடு பழகிவிட்டது, ஓடுகிற ஒன்றை மாற்றக் கோயில் நிர்வாகத்துக்கு மனமில்லை. எங்கள் மேசைகளில் இருப்பதோ ஜாவா 17.

மேலே போவதற்கு முன் ‘மாட்யூல்’ என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஜாவா உலகில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெல்லிஜே ஐடியா என்ற ஐடிஇயில் மாட்யூல் என்பது ஒரு திட்டத்துக்குள் தனியாகத் தொகுக்கப்படும் பகுதி. அதற்கென்று மூலக் கோப்புறையும், சார்பு நூலகங்களும், கம்பைலர் அமைப்புகளும் இருக்கும். எக்லிப்ஸ் என்ற இன்னொரு ஐடிஇயில் இதையே ‘புராஜெக்ட்’ என்பார்கள். 2017 செப்டம்பரில் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் அமைப்பு முற்றிலும் வேறு. அது மொழியின் ஓர் அங்கம், ‘மாட்யூல்-இன்ஃபோ’ என்ற கோப்பில் எழுதப்படுவது, எந்தப் பொதியை வெளியார் பார்க்கலாம் என்பதை வரையறுப்பது. ஜாவா 8க்கான ஐடிஇ மாட்யூலுக்குள் அந்தக் கோப்பை வைத்தால் கம்பைலர் அதை ஏற்காது. இந்தக் கட்டுரையில் மாட்யூல் என்று நான் சொல்வதெல்லாம் முதற்பொருளில்தான்.

ஒரு மாட்யூலின் ‘ஜாவா பதிப்பு’ என்று நாம் வாய்வழக்கில் ஒற்றை எண்ணாகச் சொல்வது, உண்மையில் நான்கு தனித்தனிக் கேள்விகளுக்கான விடை. எந்த ஜேடிகேயின் (கம்பைலரும் அடிப்படை நூலகமும் சேர்ந்த ஜாவா கருவித்தொகுதி) கம்பைலர் வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. மூல நிரலில் எந்தக் காலத்து இலக்கணம் அனுமதிக்கப்படுகிறது என்பது இன்னொன்று. இதைத்தான் ஐடிஇ ‘மொழி நிலை’ என்கிறது. வெளிவரும் வகுப்புக் கோப்பில் எந்தப் பதிப்பெண் பொறிக்கப்பட வேண்டும் என்பது மூன்றாவது. நிரல் அழைக்கும் ஜாவாவின் அடிப்படை நூலகம் எந்தப் பதிப்புக்குரியது என்பது நான்காவது, பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வியும் அதுதான். இன்டெல்லிஜேயில் ஜேடிகேயையும் மொழி நிலையையும் ‘புராஜெக்ட் ஸ்ட்ரக்சர்’ சாளரத்தில், மாட்யூலின் வெவ்வேறு தாவல்களில் அமைக்கிறோம். வகுப்புக் கோப்பில் பொறிக்கப்படும் எண்ணான பைட்கோடு பதிப்புக்கோ அங்கே இடமில்லை. பொது அமைப்புகள் சாளரத்தைத் திறந்து, ‘பில்ட்’ பகுதிக்குள் போய், ‘ஜாவா கம்பைலர்’ பக்கத்தில் மாட்யூல் வாரியாக இருக்கும் அட்டவணையில் அதை எழுத வேண்டும். ஒரே வீட்டின் சாவிகளை இரண்டு தெருக்களில் கொடுத்து வைத்ததுபோல் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் புதியவர்கள் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

நான்காவது கேள்வியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஜாவா 9க்கு முன்பு கம்பைலருக்கு ‘சோர்ஸ்’, ‘டார்கெட்’ என்ற இரண்டு விருப்பங்களே பெரும்பாலும் கொடுக்கப்பட்டன. இலக்கணம் 8, வெளியீடு 8 என்று இரண்டையும் சரியாக எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கம்பைலர் பெயர்களைத் தேடுவது தன்னுடன் வந்திருக்கும் புதிய நூலகத்தில்தான். ஆகவே ஜாவா 11இல் சேர்க்கப்பட்ட ஒரு செயல்கூற்றை (மெத்தட்) நிரலில் அழைத்தாலும் அது முணுமுணுக்காமல் தொகுத்துக் கொடுத்துவிடும். இதைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. ‘பைட்பஃபர்’ என்ற வகுப்பில் ‘ஃபிளிப்’ என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. ஜாவா 8இல் அது ‘பஃபர்’ என்ற தாய் வகுப்பில் எழுதப்பட்டிருந்தது, தாய் வகுப்பின் பொருளையே திருப்பித் தந்தது. ஜாவா 9இல் பைட்பஃபர் அதைத் தானே மறுபடி எழுதிக்கொண்டு, பைட்பஃபரையே திருப்பித் தரத் தொடங்கியது. நிரலாளர் எழுதும் வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வகுப்புக் கோப்பில் ஓர் அழைப்பைப் பதியும்போது கம்பைலர் செயல்கூற்றின் பெயரோடு அது திருப்பித் தரும் வகையையும் சேர்த்தே பதிகிறது. எனவே புதிய ஜேடிகேயில் டார்கெட் 8 என்று தொகுத்த நிரல், பழைய கணினியில் ‘பைட்பஃபரைத் திருப்பித் தரும் ஃபிளிப்’ எங்கே என்று தேடி, கிடைக்காமல் விழுந்துவிடுகிறது. பதிப்பெண் 52 என்று சரியாக இருக்கும், நிரலும் திறக்கும், அந்த வரியை எட்டும் நாளில்தான் விழும். திறக்கவே மறுத்த எங்கள் வெள்ளிக்கிழமை இதனோடு ஒப்பிட்டால் நல்ல நாள் என்றே சொல்வேன்.

இந்தக் கண்ணிக்கு விடையாகத்தான் ஜாவா 9 ‘ரிலீஸ்’ என்ற மூன்றாவது விருப்பத்தைக் கொண்டுவந்தது. ஜேடிகே தன்னோடு பழைய பதிப்புகளின் நூலக விவரங்களைச் சுருக்கமான ஒரு கோப்பில் சுமந்து வருகிறது; ரிலீஸ் 8 என்றால் இலக்கணம், வெளியீடு, நூலகம் ஆகிய மூன்றுமே ஜாவா 8ஆகின்றன. இன்டெல்லிஜேயின் ஜாவா கம்பைலர் பக்கத்தில் இதற்கென ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது, இயல்பிலேயே அது குறியிடப்பட்டும் இருக்கும். அதன் குறியை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனை ஒன்று நிரலாளர்களிடையே உலவுகிறது. ஜாவாவின் உள்ளறைப் பொதிகளைத் திறக்கும் ‘ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்’ விருப்பத்தை ரிலீஸோடு சேர்த்துக் கொடுக்க முடியாது என்பதால், பிழை வந்தவர்கள் பெட்டியின் குறியை எடுத்துவிட்டுத் தப்பிக்கிறார்கள். தப்பித்தது என்னவோ உண்மைதான். ஆனால் நான்காவது கேள்விக்கு அந்தக் கணம் முதல் விடை இல்லாமல் போகிறது. உள்ளறைப் பொதியை உண்மையிலேயே நம்பியிருக்கும் மாட்யூல் ஒன்று இருந்தால் அதை மட்டும் தனியே பிரித்து வைப்பதே முறை. பழைய பதிப்புகளையும் எல்லையின்றிச் சுமக்க முடியாது: ஜேடிகே 12 ஜாவா 6ஐக் கைவிட்டது, ஜேடிகே 20 ஜாவா 7ஐக் கைவிட்டது.

எங்கள் இளைஞர் இவை எல்லாவற்றையும் ஐடிஇயில் சரியாகவே அமைத்திருந்தார். பொது மாட்யூலுக்கும் முகப்பு மாட்யூலுக்கும் 8, இணைய மாட்யூலுக்கு 17. ஐடிஇயின் பொத்தானை அழுத்தித் தொகுத்தபோது 52 என்றே பொறிக்கப்பட்டது. ஆனால் கோயிலுக்கு அனுப்பும் பொதியை நாங்கள் ஐடிஇயில் தொகுப்பதில்லை. கட்டளை வரியிலிருந்து மேவன் என்ற கட்டுமானக் கருவி தொகுக்கிறது, மேவன் படிப்பது திட்டத்தின் அமைப்புகளை எழுதிவைக்கும் ‘பாம்’ கோப்பை மட்டும்தான். இணைய மாட்யூலை ஸ்பிரிங் பூட் என்ற இணையச் சட்டகத்தின் 3ஆம் பதிப்புக்கு உயர்த்தியபோது, அது குறைந்தது ஜாவா 17ஐக் கேட்பதால், மூன்று மாட்யூல்களுக்கும் பொதுவான தாய்ப் பாம் கோப்பில் 17 என்று எழுதியிருந்தோம். மூன்று மாட்யூல்களும் அந்த 17ஐத்தான் சுதந்தரித்துக்கொண்டன.

இதில் உள்ள ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேவன் திட்டத்தைத் திறக்கும்போது ஐடிஇ பாம் கோப்பைப் படித்து, தன் திரைகளில் ஒரு நகலை நிரப்பிக்கொள்கிறது. நகலை நாம் கையால் திருத்தலாம், ஐடிஇ தடுக்காது. திருத்தியது மூலத்துக்குப் போகாது. பாம் கோப்பில் யாரேனும் ஒரு நூலகத்தைச் சேர்த்து, ஐடிஇ அதை மறுபடி படிக்கும் நேரத்தில் நம் திருத்தமும் அழிந்துபோகும். ‘நேற்று வேலை செய்தது, இன்று மாறிவிட்டது’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதே பொறிமுறையால் வந்த பழைய தொல்லை ஒன்றும் பலருக்கு நினைவிருக்கும். மேவனின் கம்பைலர் செருகுநிரல், பதிப்பு எழுதப்படாத திட்டங்களை நெடுங்காலம் ஜாவா 1.5 என்றே எடுத்துக்கொண்டது. புதிய ஜேடிகேயோடு அப்படிப்பட்ட திட்டத்தைத் திறந்தால் ‘ஐந்தாம் பதிப்புக்கு ஆதரவில்லை’ என்று கம்பைலர் நின்றுவிடும். ஐடிஇயில் அதைத் திருத்துவோர் திருத்திக்கொண்டே இருப்பார்கள், பாம் கோப்பில் ஒரு வரி எழுதும் வரை. மேவனைப் போன்ற இன்னொரு கட்டுமானக் கருவியான கிரேடிலில் நிலைமை சற்று மேல், ஏனென்றால் இன்டெல்லிஜே கிரேடில் திட்டங்களை இயல்பாகவே கிரேடிலிடம் கொடுத்துத் தொகுக்கச் சொல்கிறது. பொத்தானும் கட்டளையும் ஒரே விடையைத் தருகின்றன. மேவனுக்கும் அப்படி ஒப்படைக்க வழி உண்டு, ஆனால் நாமே போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, மூலம் எது என்று தெரிந்துவிட்டதால் முகப்பு மாட்யூலின் பாம் கோப்பில் ‘மேவன்.கம்பைலர்.ரிலீஸ்’ என்ற பண்புக்கு 8 என்று எழுதி அனுப்பினோம். நிரல் இப்போது திறந்தது. பூசைப் பட்டியலைத் தொட்டதும் அதே 61 எட்டிப் பார்த்தது. காரணம் எளியது, வெட்கப்பட வேண்டியதும்கூட. முகப்பு மாட்யூல் 52ஆக மாறியிருந்தது, ஆனால் அது சார்ந்திருக்கும் பொது மாட்யூல் இன்னும் 61ஆகவே இருந்தது. ஒரு மாட்யூலின் பதிப்பை அதன் சொந்தத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைப் பயன்படுத்துவோரில் யார் மிகப் பழைய கணினியில் ஓடுகிறாரோ அவரே தீர்மானிக்கிறார். 17க்கான இணைய மாட்யூல் 8க்கான பொது மாட்யூலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மறுதிசையில் அது நடக்காது. இந்தத் திசை முரணைக் கம்பைலர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். ஜேடிகே 17இன் கம்பைலருக்கு 61ஐப் படிக்கத் தெரியும் என்பதால், ரிலீஸ் 8 என்று தொகுக்கும்போதும் அது சார்பு மாட்யூலின் எண்ணைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கிரேடில் இங்கேயும் ஒரு படி முன்னே நிற்கிறது: ஒவ்வொரு மாட்யூலின் ஜாவா பதிப்பையும் ஒரு பண்பாகக் குறித்துக்கொண்டு, 8ஐக் கேட்பவருக்கு 17ஐக் கொடுக்க மறுத்துவிடும்.

ஐடிஇ தன் நகலை எங்கே வைத்துக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் வேர்க் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கும் ‘ஐடியா’ என்ற மறைவான கோப்புறை இருக்கும். அதிலுள்ள கம்பைலர் கோப்பில் பைட்கோடு பதிப்புகளும், இன்னொரு கோப்பில் திட்டத்தின் மொழி நிலையும் ஜேடிகேயின் பெயரும் பதியப்படுகின்றன. பெயர் என்பதை அடிக்கோடிட வேண்டும். ஜேடிகே வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது திட்டத்தில் எழுதப்படுவதில்லை, அது அவரவர் கணினியின் ஐடிஇயில் தனியே இருக்கிறது. ஆகவே ‘17’ என்று நான் பெயரிட்டது என் கணினியில் ஒரு ஜேடிகேயையும், பட்டர்வொர்த்திலிருந்து வீட்டில் இருந்தபடி வேலை செய்யும் சக ஊழியரின் கணினியில் வேறொன்றையும் குறிக்கலாம். அந்தப் பெயரே இல்லாத கணினியில் ஐடிஇ சிவப்பாக நிற்கும். இந்தக் கோப்புறையை, நிரலைக் குழுவுக்குள் பகிரும் களஞ்சியமான கிட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வாதம் ஓயாதது. மேவன் அல்லது கிரேடில் இருக்கும் திட்டத்தில் கம்பைலர் அமைப்பைப் பொறுத்தவரை அதைப் பகிர வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. நகலைப் பகிர்ந்தால் மூலத்தோடு சண்டைதான் மிஞ்சும்.

சிவப்பு என்றதும் நினைவுக்கு வருவது, ஐடிஇயில் நம் நிரலைப் படிப்போர் இருவர் என்பது. தட்டச்சு செய்யும்போது பிழைக்கு அடியில் கோடு போடுவது இன்டெல்லிஜேயின் சொந்தப் பகுப்பாய்வு. அது நம்புவது மொழி நிலையை. உண்மையில் தொகுப்பது ஜேடிகேயின் ‘ஜாவாசி’. இருவருக்கும் வேறு வேறு எண் கிடைத்தால், திரையில் கோடு இருந்தும் தொகுப்பு வெல்லும், அல்லது கோடு இல்லாமலே தோற்கும். எக்லிப்ஸ் இந்த இரட்டையைத் தவிர்க்கத் தன் சொந்தக் கம்பைலரையே இரண்டுக்கும் பயன்படுத்துகிறது. ஆனால் மேவனோ ஜாவாசியைக் கூப்பிடுவதால் எக்லிப்ஸ் ஏற்ற வரியை மேவன் மறுக்கும் விந்தை அங்கே எப்போதாவது நேரும்.

நிரலில் இடும் குறிப்புகளைப் படித்துத் தொகுக்கும்போதே கூடுதல் நிரலை உருவாக்கும் அனொட்டேஷன் செயலிகளும் மாட்யூல் வாரியான அமைப்புதான். ஜாவாத் தீவுக்கு அப்பால், பாலிக்கும் கிழக்கே இருக்கும் தீவின் பெயரைத் தாங்கிய லோம்போக் நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஐடிஇயில் அதற்கான பெட்டியைக் குறியிட வேண்டியிருக்கும் என்பதை அறிவார்கள். ஜேடிகே 23 முதல், வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய ஜாவாசி எந்தச் செயலியையும் ஓட்டாது என்பதால், பதிப்பை உயர்த்துவோர் இந்த அமைப்பையும் கட்டுமானக் கோப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

பொது மாட்யூலையும் 8க்கு இறக்கிய பின் சீட்டு அச்சானது. தமிழ்தான் காணவில்லை. பூசையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மேலே கோடு சாய்ந்த லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வந்தன. தமிழ் எழுத்துகளை நீண்டகாலம் கணினியில் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் பழக்கமானது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் குறியாக்கமான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொண்டது, எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குபவை. அந்த மூன்றையும் மூன்று லத்தீன் எழுத்துகளாகப் படித்தால் கிடைப்பது இந்தக் கோலம்.

குறியாக்கமும் ஒரு கம்பைலர் அமைப்பே. ஐடிஇயில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்திருந்தால் ஐடிஇ தொகுக்கும்போது அதையே ஜாவாசியிடம் சொல்லும். மேவனுக்கு அதைத் தனியே, பாம் கோப்பில் மூலக் குறியாக்கப் பண்பாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது கணினியின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது, இந்தத் தொகுப்பு கணினிக்குக் கணினி மாறும் என்று ஓர் எச்சரிக்கையையும் அச்சிடுகிறது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18இல்தான் யுடிஎஃப்-8 எல்லாக் கணினிக்கும் இயல்பானது. அதற்கு முந்தைய ஜேடிகேயோடு, ஆங்கிலமோ மலாயோ அமைந்த விண்டோஸில் அந்த இயல்பு ‘விண்டோஸ்-1252’. அந்தக் குறியாக்கத்தில் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை, அவற்றில் ஒன்று நம் புள்ளியின் மூன்றாவது பைட், இன்னொன்று உகரக் குறியினுடையது. ஆகவே தமிழ்ச் சொற்கள் நேரடியாக மூல நிரலில் இருந்தால் முதல் மெய்யெழுத்திலேயே ஜாவாசி ‘ஒவ்வாத எழுத்து’ என்று முறையிடும். புள்ளி காவல் நிற்கிறது என்று சொல்லலாம். புள்ளியில்லாமல் ஒரு தமிழ் வாக்கியம் எழுதுவது கடினம் என்பதால் இந்தத் தவறு அதிக தூரம் போவதில்லை.

எங்கள் பூசைப் பெயர்கள் மூல நிரலில் இல்லை, ‘பிராப்பர்ட்டீஸ்’ கோப்பில் இருந்தன. மொழிவாரிச் சொற்களுக்கான அந்தக் கோப்புகளை ஜாவா 9 முதல் யுடிஎஃப்-8 ஆகப் படிக்கிறார்கள். ஜாவா 8 அவற்றை, ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கொள்ளும் பழைய குறியாக்கமான லத்தீன்-1 ஆகப் படிக்கிறது, லத்தீன்-1இல் எந்தப் பைட்டும் ஒவ்வாததாகாது, எனவே காவலும் இல்லை. ரிலீஸ் 8 இங்கே உதவாததற்குக் காரணம், இந்த வேறுபாடு நூலகத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றியதல்ல, அதே பெயர் ஓடும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியது; கம்பைலரின் பார்வைக்கு அது எட்டாது. அலுவலகத்தில் ஜாவா 17 ஓட்டியதால் எல்லாம் அழகான தமிழாகத் தெரிந்தது. இன்டெல்லிஜேயின் கோப்புக் குறியாக்கப் பக்கத்தில், இத்தகைய கோப்புகளைத் திரையில் தமிழாகக் காட்டி, வட்டில் யுனிகோடு எண்களாக எழுதும் ஒரு பெட்டி இருக்கிறது. ஜாவா 8க்குப் போகும் கோப்புகளுக்கு அதைக் குறியிடுவதே வழி, அப்படியே செய்தோம். கம்பைலர் சார்ந்த அமைப்புகளில் ஐடிஇயில் மட்டுமே நாங்கள் விட்டுவைத்தது இந்த ஒன்றைத்தான், ஏனென்றால் அதன் விளைவு கோப்பிலேயே எழுதப்பட்டுக் கிட்டுக்குள் போய்விடுகிறது.

இப்போது தாய்ப் பாம் கோப்பில் ரிலீஸ் 8 என்றும் மூலக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும் இருக்கின்றன, இணைய மாட்யூலின் பாம் கோப்பு மட்டும் 17 என்று தனக்கு மேலெழுதிக்கொள்கிறது. முன்பு மேலே உயர்ந்த எண்ணும் கீழே விதிவிலக்குகளும் இருந்தன. அதைத் தலைகீழாக்கியதால், நாளை யாரேனும் நான்காவதாக ஒரு மாட்யூலைச் சேர்த்துப் பதிப்பு எழுத மறந்தாலும் அது முகப்புக் கணினியில் ஓடும். அனுப்புவதற்கு முன் ஜேடிகேயுடன் வரும் ‘ஜாவாப்’ கருவியால் ஒவ்வொரு மாட்யூலிலிருந்தும் ஒரு வகுப்பைத் திறந்து, 52 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டே பொதியைக் கட்டுகிறார் அந்த இளைஞர்.